ஜாடிக்கு மூன்று மணி, துணிக்கு ஆறு மணி: ஒரு முதல் ஓவியத்தின் நிகழ்வு ஆய்வு

பென்சிலில் பல வருடம் தனியாக வரைந்து பழகிவிட்டு, அப்புறம் வண்ணம் கற்க வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். கை பழகியிருக்கும். பொறுமை இருக்கும். கண்முன்னால் இருப்பதைத் தாளில் கொண்டுவரத் தெரியும். ஆனால் முதல் கேன்வாஸில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக மனம் உடைந்துபோவதும் இவர்கள்தான். ஜாடி ஜாடி மாதிரியே இருக்கிறது, பாட்டில் பாட்டில் மாதிரியே இருக்கிறது, நாலடி தள்ளி நின்று பார்த்தால் எதுவும் ஒன்றாகச் சேரவில்லை. எங்கே தப்பு என்று கோடுகளில் தேடினால் கிடைக்காது.

அப்படி ஒருவருடைய முதல் மூன்று ஓவியங்களைப் பற்றியது இந்த ஆய்வு. நாற்பதுகளில் இருப்பவர், கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர். அவருடைய சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன். வேலையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு வரியை முடித்து, சரிபார்த்து, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் அவர் ஓவியத்துக்குள்ளும் வந்திருந்தது.

முதல் ஓவியம்

40 × 50 செ.மீ. கேன்வாஸ், ஆயில் பெயின்ட். மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி, ஒரு கரும்பச்சைக் கண்ணாடி பாட்டில், சின்னப் பித்தளைக் கிண்ணம், பக்கத்தில் ஒரு நீலத் துணி. இடது பக்கம் ஜன்னல். மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. நேரம் கிடைத்த நான்கு பிற்பகல்களில் உட்கார்ந்து முடித்திருந்தார்.

கொண்டுவந்து காட்டியபோது முதலில் என் கண்ணில் பட்டது ஜாடி. அருமையான ஜாடி. வாய் வட்டம் சரியாக வந்திருந்தது, கைப்பிடி உடலோடு சேரும் இடம்கூடத் தவறவில்லை. அதற்கடுத்துப் பட்டது அது நின்ற இடம். கேன்வாஸின் நட்டநடுவில் நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி விட்டுப் பாட்டிலும் கிண்ணமும். மேசையின் பின்விளிம்பு கேன்வாஸைச் சரிபாதியாக வெட்டியது. பாட்டிலின் தோள் அந்த விளிம்புக் கோட்டைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றதால், பாட்டில் மேசைக்கு முன்னால் நிற்கிறதா, கோட்டில் தொங்குகிறதா என்று கண் தடுமாறியது. வகுப்பில் பெயர் கூப்பிடுவதற்காக வரிசையில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது மொத்தமும்.

இவை எல்லாரும் செய்யும் தவறுகள், சீக்கிரம் சொல்லித் திருத்திவிடலாம். என்னை உட்கார வைத்தது நிழல்கள்தான். ஜாடியின் நிழல் வலது பக்கம் குட்டையாக விழுந்தது. பாட்டிலின் நிழல் அதைவிட நீளம், கோணமும் வேறு. துணி மடிப்புகளின் நிழல் கிட்டத்தட்ட மேசையின் குறுக்கே படுத்துக் கிடந்தது. போதாததற்கு ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் மங்கலாக இன்னொரு நிழல். அது டியூப் லைட்டின் வேலை.

எந்தப் பொருளை எத்தனை மணிக்கு வரைந்தீர்கள் என்று கேட்டேன். அவர் குறித்தே வைத்திருந்தார். ஜாடி முதல் நாள், மூன்று மணிக்கு. பாட்டிலும் கிண்ணமும் அடுத்த இரண்டு நாள், நாலரை மணிவாக்கில். துணி கடைசி நாள், ஆறு மணிக்கு. சூரியன் வானத்தில் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்கிறது. மூன்று மணி நேரத்தில் 45 பாகை. ஒரே மேசையில் இருந்த நான்கு பொருள்கள் மூன்று வெவ்வேறு சூரியனுக்குக் கீழே இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் உண்மையாகத்தான் பார்த்து வரைந்திருந்தார், ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்குச் சரிதான். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனதால் வந்த பிரச்சினை இது.

போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தோம். ஓவியர்கள் டோன் என்று சொல்வது, வண்ணத்தை ஒதுக்கிவிட்டால் ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவைத்தான். கறுப்பு 1, வெள்ளை 9 என்று ஒன்பது படி போட்ட ஒரு பட்டையைப் பக்கத்தில் வைத்தேன். ஓவியம் முழுவதும் 4-க்கும் 6-க்கும் இடையில் அடங்கிவிட்டது. வெள்ளை ஜாடி 6, கரும்பச்சைப் பாட்டில் 4. அவரால் நம்பவே முடியவில்லை. வண்ணம் வேறு வேறாக இருந்தால் டோனும் வேறாகத்தான் இருக்கும் என்று நம் கண் நினைத்துக்கொள்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-ல் வரைந்த துறைமுகச் சூரிய உதயத்தில், சாம்பல் நீல வானத்தில் அந்த ஆரஞ்சுச் சூரியன் பளிச்சென்று தெரியும். அதையே கறுப்பு வெள்ளையாக்கினால் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும், ஏனென்றால் சுற்றியிருக்கும் வானத்தின் டோன்தான் அதற்கும். அங்கே அதனால்தான் சூரியன் துடிக்கிற மாதிரி இருக்கிறது. நம் ஜாடிக்கும் பாட்டிலுக்கும் அந்தத் துடிப்பு தேவையில்லை. அவை பிரிந்து நின்றிருக்க வேண்டும்.

நான் சொன்ன தவறான யோசனை

இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த நாள் நான் அவரிடம், "நிழலையெல்லாம் இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்க, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். அவசரத்தில் சொன்னது. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த கேன்வாஸைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது. சொன்னபடியே செய்திருந்தார். எல்லா நிழலிலும் கறுப்பு கலந்திருந்தது. மூன்று திசையில் விழுந்த நிழல்கள் இப்போது இன்னும் அழுத்தமாக மூன்று திசையைக் காட்டின. ஜாடியின் இருட்டுப் பக்கம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிட்டது.

நிழல் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்காத ஓவியத்தில் நிழலை அழுத்தமாக்குவது, தப்பாக எழுதிய எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டுவது போல. திருத்த வேண்டியது பெயின்ட் எடுப்பதற்கு முன்னாலேயே இருந்தது. அந்தக் கேன்வாஸை அப்படியே வைத்துவிட்டு, அதே பொருள்களோடு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். ஜாடியை விட்டுவிட அவருக்கு மனமே வரவில்லை. அது எனக்குப் புரிந்தது.

விளக்கோடு ஒரு நாள்

அன்று வரையவே இல்லை. ஜன்னலை மூடினோம், டியூப் லைட்டை அணைத்தோம், கழுத்து வளையும் ஒரு மேசை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். விளக்கை அவர் கையிலேயே கொடுத்தேன்.

நேர் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தபோது பொருள்கள் தட்டையாகிவிட்டன. நிழல் எல்லாம் பின்னால் ஒளிந்துகொண்டது, ஜாடி ஒரு வெள்ளைக் காகிதம் மாதிரி ஆனது. பக்கவாட்டில், கொஞ்சம் மேலே கொண்டுபோனதும் ஜாடிக்கு உருண்டை வந்துவிட்டது. பின்னால் கொண்டுபோனபோது எல்லாமே கரும் உருவங்கள், விளிம்பில் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு. இதெல்லாம் படித்தால் ஒரு நிமிடம். கையில் விளக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

இரண்டு விஷயங்கள் அன்று அவரை மாற்றின என்று நினைக்கிறேன். முதலாவது, தூரம். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிறது. ஜாடியை விளக்கிலிருந்து அரை மீட்டரிலும் பாட்டிலை ஒரு மீட்டரிலும் வைத்தோம். பாட்டில் தானாகவே அமைதியாகிப் பின்னால் போய்விட்டது. எது முக்கியம், எது துணை என்று நாம் சொல்வதற்கு முன்பே வெளிச்சம் சொல்லிவிட்டது. "அப்போ எதைப் பார்க்கணும்னு லைட்டே சொல்லிடுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் காம்போசிஷனும் (எதை எங்கே வைப்பது என்ற அமைப்பு) வெளிச்சமும் அவருக்கு ஒன்றாகச் சேர்ந்தன. அதுவரை இரண்டையும் தனித்தனிப் பாடமாகத்தான் நினைத்திருந்தார். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு துளை. சாம்பல் நிற அட்டையில் சிறிதாக ஒரு துளை போட்டு, அதன் வழியாக ஜாடியின் நிழல் பக்கத்தையும், விளக்கு வெளிச்சம் விழும் நீலத் துணியையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளை ஜாடியின் நிழல் பக்கம், வெளிச்சத்தில் இருக்கும் நீலத் துணியைவிட இருட்டு. அட்டையை எடுத்துவிட்டால் ஜாடி மறுபடியும் வெள்ளையாகிவிடுகிறது! அவர் ஏழெட்டுத் தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். கண் பார்வையை ஆராய்ந்த எட்வர்ட் ஆடெல்சன் 1995-ல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் இதே விஷயத்தைத்தான் காட்டுகிறது. நிழலில் இருக்கும் "வெள்ளை"க் கட்டமும் வெளியே இருக்கும் "கறுப்பு"க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம், ஆனால் தெரிந்த பிறகும் கண் ஒத்துக்கொள்வதில்லை. மூளை, வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் சொந்த நிறத்தை நமக்குக் கொடுக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு அது பெரிய உதவி. ஓவியம் வரைபவருக்கோ, கழித்துவிட்ட அந்த வெளிச்சம்தான் வேண்டும்.

பன்னிரண்டு சின்னப் படங்கள்

அடுத்து தம்ப்நெயில், அதாவது ஓவியத்துக்கு முன் போட்டுப் பார்க்கும் சின்ன முன்படம். கேன்வாஸ் 4:5 விகிதம் என்பதால் 6 × 7.5 செ.மீ. பெட்டிகள் பன்னிரண்டு போடச் சொன்னேன். விகிதம் மாறிவிட்டால் சின்னப் படத்தில் சரியாக இருந்தது கேன்வாஸில் சரியாக இருக்காது. தடித்த கறுப்பு மார்க்கர், வேறெதுவும் கிடையாது. விதி ஒன்றே ஒன்று: நிழலில் இருப்பதெல்லாம் கறுப்பு, வெளிச்சத்தில் இருப்பதெல்லாம் தாளின் வெள்ளை. நடுவில் சாம்பல் கிடையாது. பொருளின் சொந்த நிறமும் கணக்கில் வராது.

முதல் ஆறும் பழைய ஓவியத்தின் குட்டி நகல்கள்தான். முதலில் மெல்லிய கோட்டில் ஜாடி, பாட்டில், கிண்ணம் எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, அப்புறம் உள்ளே கறுப்பை நிரப்பினார். கோடு போட்டதும் பொருள்கள் தனித்தனியாகிவிடுகின்றன, அதற்குப் பிறகு அவற்றைச் சேர்ப்பது கடினம். ஏழாவதிலிருந்து கோடே போடாமல், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பெரிய கறுப்புப் பகுதியின் வடிவத்தை மட்டும் போடச் சொன்னேன். கண்ணைச் சுருக்குவது பழைய உத்திதான். சின்ன விவரங்கள் மங்கி, பெரிய பிரிவுகள் மட்டும் மிஞ்சும்.

ஒன்பதாவது படத்தில் அது நடந்தது. ஜாடியின் இருட்டுப் பக்கமும், அது மேசைமேல் போட்ட நிழலும், அந்த நிழலுக்குள் நின்ற பாட்டிலின் கீழ்ப்பாதியும், துணியின் ஒரு மடிப்பும் ஒரே கறுப்பாகச் சேர்ந்துவிட்டன. வளைந்து படுத்த ஒரு பெரிய வடிவம், அதன் ஓரத்தில் ஜாடியின் வெள்ளைப் பாதி மட்டும் எழுந்து நின்றது. மூன்று நிமிடப் படம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவருக்கு இல்லை.

"சார், பாட்டில் பாதி காணாமப் போயிடுச்சே."

"போகட்டும். அது பாட்டில்னு தெரியுதா இல்லையா?"

"தெரியுது. ஆனா விளிம்பு இல்லையே. அங்க இருக்குல்ல, அதைப் போடாம எப்படி விடறது?"

இந்த இடத்தில் நான் அவரை அவசரப்படுத்தவில்லை. இருப்பதைக் கணக்கில் காட்டாமல் விடுவது அவருக்கு நேர்மைக் குறைவாகப் பட்டது. அது சின்ன விஷயம் இல்லை, அவர் வரைவதற்கு அடிப்படையே அந்த நேர்மைதான். அதனால் விதியைச் சொல்லாமல், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் ஓவியத்தை எடுத்துக் காட்டினேன். 45 செ.மீ. உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு சின்ன ஓவியம். அவள் தலைக்குப் பின்னால் இப்போது ஒரு வெற்றுச் சுவர். முதலில் அங்கே குடுவைகளை மாட்டிவைக்கும் ஒரு பலகையை வெர்மீர் வரைந்திருந்தார், அப்புறம் அதன் மேலேயே பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார் என்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022-ல் அறிவித்தது. கீழே வலது பக்கம் ஒரு நெருப்புக் கூடையும் இருந்திருக்கிறது, அதுவும் போய்விட்டது. சுவரில் அடித்த ஆணியையும் ஆணித் துளையையும்கூட வரையும் அளவுக்கு உன்னிப்பான மனிதர் அவர். அவரே எடுத்துவிட்டிருக்கிறார்.

அந்த வெற்றுச் சுவரை அவர் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு. வெளிச்சம் இடது ஜன்னலிலிருந்து வருகிறது. பெண்ணின் வெளிச்சமான தோளுக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் இருட்டு. அவளுடைய நிழல் பக்கத்துக்குப் பின்னால் சுவர் நல்ல வெளிச்சம். அதனால் இரண்டு பக்கமும் உருவம் தனியாக எழுந்து நிற்கிறது. பலகையும் குடுவைகளும் அங்கே இருந்திருந்தால் அந்த அமைதி கிடைத்திருக்காது.

என் மாணவர் அதை நீண்ட நேரம் பார்த்தார். "சரி, ஒன்பதாவதையே எடுத்துக்கிறேன்" என்றார்.

சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகள் வெட்டும் இடத்தில் வைக்கும் விதியை அவர் முன்பே படித்திருந்தார், அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அது கெட்ட விதி இல்லை. ஆனால் ஆரம்பத்தில் அதைச் சொன்னால் பொருளை எங்கே வைப்பது என்பதிலேயே கவனம் நிற்கும். நடுவில் இருந்த ஜாடி கொஞ்சம் நகர்ந்து உட்காரும், அவ்வளவுதான். நிழல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதை அந்த விதி தொடவே தொடாது.

இரண்டாவது ஓவியம்

விளக்கு ஒரே இடத்தில் இருந்ததால் எத்தனை மணிக்கு வரைந்தாலும் நிழல் நகரவில்லை. விளக்கின் காலைச் சுற்றியும் பொருள்களின் அடியைச் சுற்றியும் டேப் ஒட்டி வைத்தார். அவர் உட்காரும் நாற்காலிக்கும் ஒட்டினார், அதை நான் சொல்லவில்லை.

கேன்வாஸ் முழுவதும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை மெலிதாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்து வெளிச்சப் பகுதியை எடுத்தார். கோடு போடும் கைக்கு இது நல்ல மருந்து, துணியைச் சுற்றிய விரலால் மெல்லிய கோடு போட முடியாது. நாற்பது நிமிடத்தில் ஒன்பதாவது தம்ப்நெயில் பெரிதாகக் கேன்வாஸில் வந்துவிட்டது. அது உலரும்வரை வண்ணத்தைத் தொடவில்லை.

வண்ணம் வைக்கும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு கொடுத்தேன்: நிழல் பகுதியில் இருக்கும் மிக வெளிச்சமான இடம்கூட, வெளிச்சப் பகுதியில் இருக்கும் மிக இருட்டான இடத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலும் துணியும் சொந்த நிறத்திலேயே இருட்டானவை என்பதால் இதை அப்படியே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் பிடித்தால் போதும். ஜாடியின் நிழல் பக்கத்தில் மேசையிலிருந்து ஏறிவரும் எதிரொளிதான் ஆரம்பத்தில் எல்லாரையும் ஏமாற்றும். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் அது பளிச்சென்று தெரியும், அப்படியே போட்டால் ஜாடி உடைந்துவிடும். முதல் ஓவியத்தில் அவருடைய ஜாடி தட்டையானதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த முறை அந்தத் துளை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, நினைத்ததைவிட இரண்டு படி இருட்டாக வைத்தார்.

நிழலுக்குக் கறுப்பு எடுக்க விடவில்லை. விளக்கின் வெளிச்சம் மஞ்சள் சாயலில் இருந்ததால் நிழல்கள் அதன் பக்கத்தில் நீலச் சாயலாகத் தெரிந்தன. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தே எல்லா நிழலும் வந்தது.

முடிவு எப்படி இருந்தது என்றால், ஜாடியின் வாய் வட்டம் முதல் ஓவியத்தில் இருந்த அளவுக்கு நன்றாக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருந்தது. கிண்ணத்தில் மினுக்கம் நான்கு இடத்தில் வைத்திருந்தார், ஒன்று போதும். துணியின் முன்பகுதி வேலை செய்யாமல் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தபோது ஓவியம் ஒன்றாக நின்றது. முதலில் கண் ஜாடியின் வெளிச்சத்துக்குப் போனது, அங்கிருந்து நிழலோடு இறங்கி, பாட்டிலின் கழுத்தில் இருந்த ஒரு சின்ன மினுக்கத்துக்கு ஏறியது. கறுப்பு வெள்ளையில் 2-லிருந்து 8 வரை போனது. இரண்டு ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் வெகுநேரம் பேசவே இல்லை. வரைதலில் முதலாவது உயர்ந்தது, அதை நான் இப்போதும் சொல்வேன். இரண்டாவதைத்தான் சுவரில் மாட்டினார்.

வெளியே போனபோது

மூன்றாவது, வெயிலில் ஒரு சுவரும் படிக்கட்டும் ஒரு மரமும். இங்கே விளக்கை டேப் போட்டு நிறுத்த முடியாது. மோனே பிரான்சின் ரூவான் நகரத் தேவாலயத்தை 1892, 1893 ஆண்டுகளில் வரைந்தபோது பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறினார். நம்மிடம் ஒரு கேன்வாஸ்தான். அதனால் முதல் பதினைந்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை மட்டும் போட்டு நிரப்பிவிடுவது, அதற்குப் பிறகு சூரியன் எங்கே போனாலும் அதை மாற்றாமல் இருப்பது என்று பேசிக்கொண்டோம்.

ஒரு மணி நேரம் தாங்கினார். அப்புறம் மரத்தின் நிழல் படியில் அழகாக விழ ஆரம்பித்ததும் அதையும் சேர்த்துவிட்டார். யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். சேர்த்த நிழல் ஒரு திசை, மற்றவை ஒரு திசை. மறுபடியும் இரண்டு சூரியன். இந்த முறை நான் சொல்வதற்கு முன் அவரே பார்த்தார், பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்தார்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. விளக்கில் பழகியதால், பெரிய இருட்டும் கூர்மையான வெளிச்சமும் இருந்தால்தான் அவருக்கு ஓவியம் கண்ணில் படுகிறது. போன வாரம் மேகம் மூடிய ஒரு நாளில் அதே படிக்கட்டுக்குப் போயிருக்கிறார். வெயில் இல்லை, நிழல் என்று சொல்ல எதுவும் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி பரவிய வெளிச்சம். மார்க்கரை எடுத்தவருக்கு எதைக் கறுப்பாக்குவது என்றே தெரியவில்லையாம். மேகமான நாளில் நிழல் இருக்காது, ஆனால் பொருள்களின் சொந்த இருட்டு இருக்கும்: ஈரமான கருங்கல் படி, வெளுத்த சுவர், இலைகளின் அடர்த்தி. அன்று சேர்க்க வேண்டியது அவற்றைத்தான். இதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நேற்று மூன்று தம்ப்நெயில் அனுப்பியிருந்தார். மூன்றாவதில் படிகளையும் மரத்தையும் ஒரே கறுப்பாகச் சேர்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.